காயாத ஊசித்துளை

காலையில் ரத்தம் எடுக்கக் குத்திய துளை, மதியம் தாண்டியும் காயவில்லை.

மார்செல்லா கூண்டுக்குள் கைவிட்டு டோரியின் முன்னங்காலைத் தூக்கினாள். பஞ்சு ரத்தத்தில் சொதசொதவென்று நனைந்திருந்தது. புதுப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டினாள். நாய் அவள் மணிக்கட்டை நக்கிவிட்டு, தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் இருமியது. வெளியே கடலிலிருந்து ஏறிய மூடுபனி படகுத்துறையை விழுங்கிவிட்டு, நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் அந்தச் சின்ன நாய் ஆஸ்பத்திரியின் ஜன்னல்வரை வந்து நின்றது.

நாயைக் கொண்டுவந்து விட்ட ஆம்ப்ரோஸ் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “முட்டைக்கோஸ் பாத்தியில நத்தை சாகட்டும்னு தட்டுல பீர் ஊத்தி வச்சா, இந்த மகாராணி நத்தையோட சேத்து நக்கிட்டுப் போறா கண்ணு. சரியான குடிகாரி!”

மார்செல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நத்தை வழியாகத்தான் நுரையீரல் புழு நாய்க்குள் போகிறது. புழு இருந்தால் ரத்தம் உறையாமல் போகலாம். அந்த நிலையில், இன்று கருத்தடைக்காகக் கருப்பையை எடுக்க வயிற்றைக் கிழித்தால், டோரி மேஜையிலேயே முடிந்துவிடும்.

“மூணு நாள் மலத்தைச் சேத்துப் பாக்கணும் டாக்டர். குட்டிப்புழு தினமும் வெளிய வராது.”

பெரிய டாக்டர் பைக் தேநீரில் டப்பாப் பாலைக் கலக்கினார். “ஆம்ப்ரோஸ் நேத்து அனுப்பின மலத்தைப் பாத்துட்டு சுத்தம்னு சொன்னது யாரு? நீதானே? மீன் ஆலைக்காரி மக படிச்சா எல்லாத்துலயும் மூணு கேக்குமோ? சாயங்காலம் அறுக்கறோம். போ.”

அம்மா விரல் மரத்துப்போக மீன் அறுத்துப் படிக்கவைத்த படிப்பு. அதை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள். நின்றிருக்கக் கூடாது.

பின்னறையில், துணியில் கட்டிய இன்றைய மலம் புனலில் வெதுவெதுப்பான நீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. விடிய விடிய ஊறவேண்டியது. அவளுக்குப் பொறுமையில்லை. புனலடிக் குழாயின் கவ்வியைத் தளர்த்தி ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து, மறுபடி இறுக்கினாள். மலமும் மருந்தும் கலந்த வாடை. சுவருக்கு அப்பால் டோரி இருமுவது கேட்டது. எங்கோ சொட்டுச் சொட்டென்று நீர் விழும் சத்தம்.

நுண்ணோக்கியின் லென்ஸில் குனிந்தாள். வைக்கோல் துணுக்கு. காற்றுக்குமிழி. பிறகு ஓரத்தில், ஒரு சுருள்.

அது அவிழ்ந்தது. நீந்தியது. வால்நுனியில் கொக்கிபோல ஒரு வளைவு. நுரையீரல் புழுவின் குட்டி.

சொட்டு. சொட்டு.

புனலைத் தொட்டுப் பார்த்தாள். கவ்வி இறுக்கமாக இருந்தது. கீழே மேஜை காய்ந்து கிடந்தது.

சுவருக்கு அப்பால் மறுபடி இருமல்.

ஓடினாள். கூண்டின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவள் கட்டிய கட்டு மட்டும், சிவப்பாக நனைந்து. நாய் இல்லை.

இப்போதுதானே இருமியது? இங்கிருந்துதானே?

அறுவை அறைக் கதவின் அடியில் வெளிச்சம். தள்ளினாள்.

பைக் முதுகைக் காட்டியபடி குனிந்திருந்தார். “பனி இறங்குதே, ஆம்ப்ரோஸ் படகைப் பிடிக்கணுமேன்னு முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்,” என்றார். குரல் சீராக இருந்தது. கைகள் மட்டும் ஓயவில்லை. டோரியின் வயிற்றுக்குள் துணிமேல் துணியாகத் திணித்தார். ஒவ்வொன்றும் ஊறிச் சிவந்தது. மேஜை விளிம்பிலிருந்து ரத்தம் தண்ணீராய்ச் சொட்டியது. உறையவில்லை. தரையில் பரவி, அவள் செருப்பைத் தேடி வந்தது.

டோரியின் தொண்டையில் குழாய். நெஞ்சு அசையவில்லை. கண் மங்கிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

“டாக்டர்… செத்துப்போச்சு.”

அவளுக்குப் பின்னால், காலிக் கூண்டில், இருமல். ஈரமாக. நிதானமாக.

பைக் தலையைத் தூக்கவில்லை. இன்னொரு துணியைத் திணித்தார்.

“முதல்ல போய் அந்த நாய் வாயை மூடு.”