பன்னிரண்டாவது தோய்ச்சல்

சிவந்த இரும்பைத் தண்ணீரில் விட்டபோது சத்தம் வரவில்லை.

குஞ்சிதபாதம் கையில் இடுக்கிக் குறட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றான். பழுத்த இரும்பு தண்ணீரைத் தொட்டால் சீறும். அந்தச் சீறலைக் கேட்டுக் கேட்டுத்தான் தோய்ச்சல் என்கிற வேலையையே அவன் கற்றுக்கொண்டான். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. சீறல் நடுவில் டிக்கென்று அறுந்தால் இரும்பு விரிசல் விட்டுவிட்டது, சளசளவென்று இழுத்துக்கொண்டே போனால் சூடு போதவில்லை, இவ்வளவுதான் அவன் படித்த பாடம். இன்றைக்கு இரண்டும் இல்லை. ஆவிகூட எழவில்லை. நாற்றங்கால் சேற்றில் விலாங்கு நுழைவது போல வீச்சரிவாள் தொட்டிக்குள் போனது.

காதில் கரித்தூள் அடைத்திருக்கும் என்று சுண்டுவிரலை விட்டுக் குடைந்தான். உலையில் கரி வெடிப்பது கேட்டது. வெளியே பெண்டாட்டி பொன்னுத்தாய் கோழியை விரட்டுவது கேட்டது. காது நன்றாகத்தான் இருந்தது.

அரிவாளை வெளியே எடுத்தான். அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அரத்தை விளிம்பில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். கடிக்காமல் அரம் வழுக்கியது; இரும்பு அவ்வளவு இறுகியிருந்தது. வளைவு இல்லை, விரிசல் இல்லை. பதினாறு வருஷமாகக் கெடுத்துக் கெடுத்துப் பழகிய கைக்கு இப்படி ஒரு இரும்பு வாய்த்ததே இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். கை காய்ந்துதான் இருந்தது.

கீழத்தெருக் கூத்துக்குத் தகர வாள் வெட்டிக் கொடுத்தபோது பிடித்த கிறுக்கு இது. பகலெல்லாம் பண்ணையார் பஞ்சநதத்தின் வயலில் சேறும் அறுப்புமாகப் போகிற உடம்பு. மிச்சத்தைக் கொண்டுவந்து இந்தக் கொட்டகையில் கொட்டினான். திருக்காட்டுப்பள்ளி லாரிப் பட்டறையில் ஒடிந்த ஸ்பிரிங் பட்டை கிடைத்தது. இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு. காற்றுக்குச் சைக்கிள் சக்கரத்தில் மாட்டிய தகர விசிறி. இரும்பின் நிறம் தெரிய இருட்டு வேண்டும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்து, பட்டப்பகலில் சாக்குப் படுதாக்களை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வான். வாடுகிற பூவரசம்பூவின் சிவப்பு வந்ததும் எடுத்துத் தோய்க்க வேண்டும். இப்படி ஏழு வாள் செய்து கூரையில் செருகி வைத்திருந்தான். கதிர் அறுக்கக்கூட உதவாததைச் செய்து என்ன பண்ணப்போகிறாய் என்று பொன்னுத்தாய் கேட்பாள். அவன் சொன்னதைக் கேட்டு வளைகிற பொருள் உலகத்தில் அது ஒன்றுதான்.

பத்து நாளைக்கு முன் பண்ணைக் காரியஸ்தர் ரெங்கசாமி மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு இந்தச் சந்துக்குள் வந்தார். கூரையிலிருந்து ஒரு வாளை உருவச் சொல்லி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் கைக்கு வர்றது நம்ம ஆசாரிக்கு வரலையேடா" என்றார்.

நாற்பது வயதில் அவனை யாராவது மெச்சியது அன்றுதான். சம்பா கதிர் முற்றி மூன்று வாரமாக யாரும் வயலில் இறங்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டித் தராமல் அரிவாளைத் தொடுவதில்லை என்று சங்கம் சொல்லிவிட்டது. சங்கம் என்றால் தங்கையன்; பொன்னுத்தாயின் தம்பி, தாயில்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். துண்டை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு அவன் பேச ஆரம்பித்தால் ஐந்து ஊர் ஆள் அசையாது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப்போகிறது, காவல் நிற்பவர்களுக்குப் பன்னிரண்டு வீச்சரிவாள் வேண்டும் என்றார் காரியஸ்தர். அதற்குப் பதிலாக, குஞ்சிதபாதம் குடியிருக்கிற மனையை அவன் பேருக்கே எழுதித் தருவதாகப் பஞ்சநதம் சொல்லியிருக்கிறாராம். குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்துவிட்டதாக டீக்கடை ரேடியோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கீழத்தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

போகிறபோது காரியஸ்தர் ஒரு வேடிக்கையும் சொல்லிவிட்டுப் போனார்.

"கீழத்தெருவுல அடிச்ச அருவா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, போலீசு எந்தத் தெருவுலடா தேடும்?"

அவர் சிரித்தார். சிரிக்க வேண்டும் போலிருக்கிறது என்று அவனும் சிரித்தான்.

இதுவரை அவன் தோய்த்தது பழைய எண்ணெய் டின்னில் நிரப்பிய தண்ணீரில்; வாளையெல்லாம் பாதி பாதியாகத்தான் முக்குவான். இத்தனை நீள இரும்பு அதில் ஒரே முக்கில் முழுகாது, கோணிக்கொள்ளும். நீளமாக ஏதாவது வேண்டுமென்று இவன்தான் வாய்விட்டுக் கேட்டான். மறுநாள் வண்டியில் வைக்கோல் பரப்பி, கரி மூட்டையோடு, ஒரு கல்தொட்டி வந்து இறங்கியது. பண்ணை மாட்டுக்கொட்டகையில் கிடந்த தொட்டி அது. அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வழவழவென்று பள்ளம். மாடு தேய்த்த பள்ளம் இல்லை அது. அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி தண்ணீரை ஊற்றினான்.

இரண்டாவதும் சத்தமில்லாமல் போனது. மூன்றாவதும்.

"ஏங்க, தொட்டி ஓட்டையா?" என்று பொன்னுத்தாய் படுதாவை விலக்கினாள். மேட்டூர் அணை மூடி ஒரு வாரம் ஆகிறது; வாய்க்கால் பள்ளத்தில் தேங்கியதைத்தான் அவள் மொண்டு வந்துகொண்டிருந்தாள். நாலு குடம் ஊற்றியாகிவிட்டது, தொட்டியில் அரைத் தொட்டிகூட நிற்கவில்லை. அவன் தொட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினான். புழுதி. அதில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"சூட்டுல சுண்டுது" என்றான்.

ஐந்தாவதைத் தோய்த்துச் சுவரில் சாய்த்துவிட்டு உலைப் பக்கம் திரும்பியபோது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மடக்.

திரும்பினான். தண்ணீர் அசையாமல் இருந்தது. உலைவெளிச்சம் அதில் ஒரு சிவப்புக் கோடாகக் கிடந்தது. கோடு நெளியவில்லை. அவன் விசிறிச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான், சுற்றுகிற சத்தத்துக்கு அடியில் அது மறுபடியும் கேட்டது. மடக், மடக், மடக். களைத்து வந்த ஒருவன் சொம்பைக் கவிழ்த்து மூச்சுவிடாமல் குடிப்பது போல, தொண்டைக்குமிழ் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. சக்கரத்தை நிறுத்தினான். அதுவும் நின்றது.

பிறகு வாசனை வந்தது. கரிப்புகையையும் சுட்ட இரும்பின் கார வாடையையும் ஒதுக்கிக்கொண்டு, பச்சைச் சாணியைத் தண்ணீரில் கரைத்தால் எழுகிற அந்த வெதுவெதுப்பான வாசனை. அவன் வீட்டில் மாடு கிடையாது.

அப்போது அவனுக்கு எட்டு வயது. மாடு ஓட்டிக்கொண்டு போனவன் வரப்பில் தூங்கிவிட்டான், காளை இரண்டும் பண்ணை நாற்றங்காலில் இறங்கி மேய்ந்துவிட்டன. மகன் செய்ததற்கு அப்பனுக்குத் தண்டனை. அவன் அப்பா இராஜாங்கத்தைக் கொட்டகையில் மண்டியிடவைத்து, அவர் துண்டாலேயே கைகளைப் பின்னால் கட்டி, மோவாயை இதே தொட்டியின் விளிம்பில், பலர் மோவாய் தேய்ந்த அந்தப் பள்ளத்தில் தூக்கி வைத்தார்கள். சாணிப்பால் கரைத்திருந்தது. மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயைப் பஞ்சநதத்தின் அப்பா எடுத்துக் குஞ்சிதபாதத்தின் கையில் கொடுத்தார். அதட்டவில்லை. பூப்பறிக்கச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"ஊத்துடா."

"சரிங்க ஆண்டே" என்றான் அவன். ஊற்றினான்.

அப்பா அண்ணாந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, புரை ஏறி இருமி இருமி விழுங்கினார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். பேச்சு இல்லை, தாகம் மட்டும்தான். குடம் குடமாகக் குடித்தார், குடித்ததெல்லாம் வெளியே வந்தது, மறுபடியும் கையை நீட்டினார்.

ஆறு, ஏழு, எட்டு. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தொட்டி இன்னும் கொடு என்று கேட்கும் போலிருந்தது. மறுநாள் விடியக் கதிர் அறுக்கப்போகிறார்கள், இன்றைக்குப் பொழுது சாயும் முன் அரிவாள்களை எடுத்துப்போகப் பண்ணை வண்டி வரும். ஒவ்வொன்றும் அப்பழுக்கில்லாமல் வந்தது. அதுதான் பயமாக இருந்தது. அதுதான் பிடித்தும் இருந்தது.

ஒன்பதாவதுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பொன்னுத்தாய் படுதாவுக்கு இந்தப் பக்கம் வந்தாள். வீரன் கோயிலுக்கு நேர்ச்சை அரிவாள் என்று அவளிடம் சொல்லியிருந்தான். பண்ணையிலிருந்து வந்த தொட்டியையும் கரி மூட்டையையும், சுவரில் சாய்ந்திருந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுல தங்கையனுக்கு எது?" என்றாள்.

"போடீ."

"சொல்லுங்க. நான் தூக்கி வளர்த்த கழுத்து. எதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

அவன் சம்மட்டியை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். அவள் குடத்தைத் தொட்டியில் கவிழ்க்காமல் அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே போனாள். தெருவில் அவள் ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அந்தக் குடம் ஒன்பதுக்கும் பத்துக்கும் வந்தது. பதினொன்றைத் தோய்த்தபோது தொட்டியின் அடிக்கல் தெரிந்தது. இந்தத் தடவை விழுங்குகிற சத்தம் நடுவில் தடுக்கியது. இருமல். புரை ஏறிய இருமல்.

அந்த இருமலை அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது உலையில் இருந்தது. பூவரசம்பூவின் சிவப்பு. வந்துவிட்டது. குறட்டால் எடுத்தான். தொட்டியில் தண்ணீர் இல்லை. குடத்தில் இல்லை. நிறம் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி உலையில் வைத்தான், சுற்றினான், எடுத்தான். தண்ணீர் இல்லை.

படுதா விலகியது. வெளிச்சம் அடித்து, மூடிக்கொண்டது.

"என்ன மாமா, வீரனுக்கு இத்தனை கையா?"

தங்கையன். இவன் குறட்டோடு திரும்பினான். தங்கையன் சுவரோரம் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அக்கா சொல்லிச்சு. நான் நம்பல. பண்ணையில என்ன தர்றேன்னாங்க, மனையா?"

குஞ்சிதபாதம் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"எழுதிக் குடுத்துட்டானா?"

இல்லை என்று ஆட்டினான்.

தங்கையன் ஓரடி கிட்டே வந்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "அதக் கீழ போடு மாமா. எல்லாத்தையும் வாய்க்கால் சேத்துல அமுக்கிட்டு வருவோம். அக்கா வெளியில நிக்குது. யாருக்கும் சொல்ல மாட்டேன். கீழ போடு."

கீழே போடத்தான் நினைத்தான். குறட்டை விரிக்க வேண்டும், அவ்வளவுதான். விரல்களிடம் சொன்னான். அவை அவனுடையவை மாதிரி இல்லை. இரும்பு முனை ஆறாமல் சிவந்தே இருந்தது.

"இது பண்ணைத் தொட்டியில்ல?" தங்கையன் அதைப் பார்த்துவிட்டான். "அதுவா? நம்ம ஆளுங்களுக்குச் சாணிப்பால்..." துண்டை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு குனிந்தான். இருட்டில் உள்ளே தெரியவில்லை. மண்டியிட்டான். எட்டிப் பார்க்க மோவாயை விளிம்பில் வைத்தான்.

பள்ளத்தில். சரியாக அந்தப் பள்ளத்தில்.

"பொட்டுத் தண்ணி இல்லையே மாமா. எதுல தோய்க்கப்போறே?"

அண்ணாந்து இவனைப் பார்த்தான். வாய் திறந்திருந்தது.

சாணி வாசனை.

அதட்டல் இல்லை. பூப்பறிக்கச் சொல்வது போல. தொட்டிக்குள்ளிருந்து.

"ஊத்துடா."

"சரிங்க ஆண்டே."

சிவந்த முனையை அந்தத் திறந்த வாய்க்குள் இறக்கினான். சத்தம் வந்தது.

காலையிலிருந்து வராத சத்தம். அறுபடாமல், இழுபடாமல், பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட இத்தனை சுத்தமாக அவன் கேட்டிராத நீண்ட சீறல். ஆவி எழுந்து கூரையைத் தொட்டது. அது அடங்கியபோது தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"தண்ணி கெடச்சிடுச்சா?" என்று படுதாவுக்கு அப்பாலிருந்து பொன்னுத்தாய் கேட்டாள். பதினாறு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகியவள். "தங்கையா, என்ன சொல்றாரு உங்க மாமா?"

தெருமுனையில் வண்டி மாட்டின் சலங்கை கேட்டது.

குஞ்சிதபாதம் பன்னிரண்டாவதை உருவி மடியில் கிடத்தினான். அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தான்.

அரம் வழுக்கியது.