தெளிந்த தொட்டிகள்

"என் கொழுந்தன்தான் விஷம் வச்சிருக்கான் சார்," என்றபடியே லிட்மஸ் வீட்டுக்குள் வந்தாள் மீன் பண்ணைக்காரி. மூன்று தொட்டிகளில் இரண்டில் மீன்கள் செத்துவிட்டன. தண்ணீரைச் சோதித்து அவர் ஒரு வார்த்தை சொன்னால், சாயங்காலத்துக்குள் போலீசில் எழுதிக்கொடுத்து அவனை உள்ளே தள்ளுவதாக முடிவு.

தண்ணீர் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அவரை எல்லோரும் லிட்மஸ் என்றே கூப்பிடுவார்கள். அவருக்குக் கோபம் வராது, கோபப்படவும் சோம்பல். கூடவே சுற்றும் அக்கா மகளுக்கோ கால் ஒரு இடத்தில் நிற்காது. அவளே முதலில் வண்டியேறினாள்.

பண்ணையில் ஒரு வாரமாக மழை. வாய்க்கால் சேறாக ஓடியது. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட தொட்டிகளில் தேங்கியிருந்ததும் மழைத்தண்ணீர்தான். மீன் செத்த இரண்டிலும் அடியில் கிடக்கும் குண்டூசியைக்கூட எண்ணிவிடலாம். காற்றுக் குழாய் ஓடிக்கொண்டிருந்தும் மீன்கள் வாயைப் பிளந்து மிதந்தன. கொழுந்தன் வளர்க்கும் தாய்மீன் தொட்டி மட்டும் டீத்தண்ணீராய்க் கலங்கிக் கிடந்தது. அதில் உயிர் இருந்தது.

"அண்ணி, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல," என்றான் கொழுந்தன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாமா, இவர் தொட்டி மட்டும் தப்பிச்சிருக்கு. கேஸ் முடிஞ்சுது," என்று கிசுகிசுத்தாள் அக்கா மகள்.

"அவசரக்குடுக்கை. செவுளைப் பாரு."

செவுள் முழுக்க வெள்ளைச் சளி. தெளிந்த தண்ணீரில் அவர் தோய்த்த நீல லிட்மஸ் தாள் சிவந்தது.

"வாய்க்காலே கலங்கிக் கெடக்கு. உங்க தண்ணி மட்டும் எப்படிம்மா தெளிஞ்சுது?"

"வாங்க வர்றவங்களுக்கு மீன் தெரிய வேணாமா? படிகாரம் போட்டேன். குடிக்கிற தண்ணியிலயே போடுறோமே."

"குடத்துக்கு ஒரு சிட்டிகை. இங்க?"

"தொட்டிக்கு ஒரு வாளி."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "படிகாரம் தண்ணியைப் புளிக்க வைக்கும், அமிலமாக்கிரும்; அதான் தாள் செவந்துது. மழைத்தண்ணியில அதைத் தடுக்கச் சுண்ணாம்புச் சத்து கிடையாது. புளிச்ச தண்ணியில படிகாரத்துல இருக்குற அலுமினியம் செவுள்ல போய் ஒட்டிக்கும். சளி கட்டி மூச்சடைச்சுரும். எவ்வளவு காத்து விட்டாலும் பிரயோஜனமில்ல. கலங்கின தொட்டி தப்பிச்சது அதுல நீங்க கை வைக்காததால."

அவள் மூன்றாவது தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுலயும் போட்டீங்களா? எப்பம்மா?"

"நீங்க வந்து பாப்பீங்களேன்னு... உங்க வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் சார்."

மூன்றாவது தொட்டியின் மேல்தண்ணீர் தெளியத் தொடங்கியிருந்தது. தாய்மீன் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்தது.

"தம்பி," என்று கொழுந்தனைக் கூப்பிட்டாள்.