பிரிவு சி, குழி பத்தொன்பது

அந்தச் சனிக்கிழமை மதியம் அமெரிக்காவில், பார்சிப்பனி ஆஃபீஸின் மூன்றாவது மாடியில் இருந்தவர்கள்:

பத்மநாபன், மேனேஜர். கண்ணாடி அறையில், போனில்.
ஷ்யாமளா, டெஸ்டிங். ஜன்னலோர மேஜையில்.
சபரி, டெவலப்பர். அவளுக்கு எதிர் மேஜையில்.

மூன்று பேர். லிஃப்ட் பக்கத்துச் சுவரில் இருந்த திரை மட்டும் நான்கு என்று காட்டியது. பேட்ஜைத் தேய்த்து உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கை அது. தீப்பிடித்தால் எத்தனை பேரைத் தேடுவது என்று தெரிவதற்காக வைத்தது. காபியோடு அதைக் கடந்தபோது சபரி பார்த்தான், துடைக்கிறவர் யாராவது வந்திருப்பார் என்று நினைத்தான். சனிக்கிழமை துடைக்க யாரும் வருவதில்லை என்பது மேஜையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வெளியே காலையிலிருந்து பனி. ஹீட்டர் காற்று கார்ப்பெட்டில் ஊறியிருந்த பழைய ஈரத்தையும் மைக்ரோவேவில் யாரோ எப்போதோ கருகவிட்ட பாப்கார்ன் நெடியையும் கிளப்பி மாடி முழுக்கச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் அடியில், மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவிலிருந்து கசிவதைப் போல, கருவாட்டுக் குழம்பின் வாசனை மெலிதாக வந்தது. சபரி மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

ஐந்து மணிக்கு வெப்சைட் தானாக லைவ் ஆகிவிடும். மிட்வெஸ்டில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கவுன்ட்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி, தன் கல்லறைத் தோட்டங்களில் கிடக்கும் பிரபலங்களைப் பட்டியல் போடச் சொல்லியிருந்தது. ஒரு கவர்னர். உள்நாட்டுப் போரில் காலை இழந்த முரசுக்காரன். சோளம் உதிர்க்கும் மெஷினைக் கண்டுபிடித்த பெண். ஏழரை அடி உயர சர்க்கஸ்காரன். ஆளுக்கு ஒரு வரி: பெயர், இறந்த தேதி, குழி எண், எதற்காகப் பிரபலம், பதிவு செய்தவர் யார். மொத்தம் 214 பேர்.

சபரியின் திரையில் 215 இருந்தது. கூடுதல் ஆள் யார் என்று அவனுக்குத் தெரியும்.

அவன்தான் போட்டான். ஜனவரி இரண்டாம் தேதி, டெஸ்ட் டேட்டா என்று சொல்லி. இதே மாடியில் வேலை பார்த்த சுப்பையனை. அவர் கோபிக்காரர், நாற்பத்தாறு வயது, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். அப்படி வருகிறவர்களுக்கு அமெரிக்கா முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பேங்கில், ஆஸ்பத்திரியில், பேட்ஜில், எங்கும் அதுதான். சபரி அதைச் சேர்த்து வாசித்து ஃப்னூ ஆக்கினான். ஃப்னூ அண்ணே, இன்னிக்கும் கருவாடா என்று தினமும் கேட்பான். நாற்றம் தாங்கவில்லை என்று அவன் புகார் செய்ததும் பத்மநாபன் அவரை பிரிண்டர் ரூமில் போய்ச் சாப்பிடச் சொன்னார். அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. அவர் வாயில் சோறு இருக்கும் நேரம் பார்த்து சபரி கதவைத் திறப்பான், ஸாரி என்பான், மூடுவான். அவர் தொண்டையை மூன்று முறை செருமிவிட்டு, பரவால்லீங்க என்பார். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தர முடியுமா என்று ஒருமுறை கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள்.

பட்டியலில் அவருக்குக் கொடுத்த குழி, பிரிவு சி, பத்தொன்பது. எதற்காகப் பிரபலம் என்ற இடத்தில், ‘தனியாகச் சாப்பிட்டவர்’ என்று எழுதினான். இறந்த தேதி கட்டாயம் என்றதால் அன்றைய தேதியையே தட்டினான், ஊர்ப் பழக்கத்தில் நாளை முன்னாலும் மாதத்தைப் பின்னாலும் வைத்து: 2/1. அமெரிக்க சிஸ்டம் அதை பிப்ரவரி ஒன்று என்று எடுத்துக்கொண்டது.

பிப்ரவரி ஒன்றாம் தேதி சுப்பையன் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஐஸில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்து இறந்தார். மேலே பனி மூடியது. மறுநாள் பனி தள்ளும் வண்டிக்காரன்தான் பார்த்தான். ஷ்யாமளா ஃப்யூனரல் ஹோமுக்கும் கான்சுலேட்டுக்கும் அலைந்து, புதன்கிழமை பெட்டியைக் கோயம்புத்தூர் விமானத்தில் ஏற்றிவிட்டாள். சபரிக்கு அந்த வாரம் மீட்டிங்குகள் இருந்தன.

இன்று பிப்ரவரி எட்டு.

அந்த வரியைத் திறந்தான். ஒரு போட்டோ இருந்தது. கல்லறைப் போட்டோக்களை அந்த கவுன்ட்டி ஆட்கள்தான் எடுத்து ஏற்றுவார்கள். இல்லாத கல்லை எப்படி எடுப்பார்கள்? சாம்பல் நிறக் கல், ஓரங்களில் பாசி, நூறு வருடம் மழையில் நின்றதைப் போன்ற கல். அதில் ஆங்கிலத்தில் ஃப்னூ சுப்பையன். கீழே, தனியாகச் சாப்பிட்டவர். கல்லின் அடியிலிருந்து பனியில் காலடித் தடங்கள் தொடங்கின. வெளியே போகும் தடங்கள் மட்டும்.

பக்கத்தைப் புதுப்பித்தான். போட்டோ மாறியது. கல்லறைத் தோட்டத்தின் இரும்பு கேட், திறந்து கிடந்தது. மறுபடி புதுப்பித்தான். ஃப்ரீவே, ஓரமாக அதே தடங்கள். மறுபடி. பனி மூடிய மூன்று கார்கள். நடுவில் இருந்தது அவனுடையது.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

பத்மநாபன் அறையிலிருந்து தலையை நீட்டினார். திங்கட்கிழமை அவனுடைய எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிடுவதாகவும், வக்கீல் அன்றே கிரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணிவிடுவார் என்றும் சொன்னார். ஒன்பது வருடம் காத்திருந்த கையெழுத்து. சபரி தேங்க்ஸ் சார் என்றான். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலரை மணி. சபரி அந்த வரியை அழித்தான்.

பெயர் போயிற்று. வரி போகவில்லை. காலியான கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பதிவு செய்தவர் கட்டத்தில் இருந்த பெயர் மேலே ஏறியது. ஃப்னூ சபரி. இறந்த தேதி, 2/8.

அழித்தான். திரும்ப வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். திரும்ப வந்தது. போட்டோவில் இப்போது ஒரு குழி, புதிதாக வெட்டியது, ஓரத்தில் கறுப்பு மண். பெயரின் மேல் வாயில் வந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயரைத் தட்டினான். சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. அப்படியொரு வரியை அவன் எழுதியதே இல்லை. ஊரில் இருக்கும் மாமா ஒருவரின் பெயரைத் தட்டினான். இங்கே யாரும் இல்லை.

இங்கே.

பிரிண்டர் ரூமில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூன்று முறை.

ஷ்யாமளா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "சபரி, உள்ளே யாராவது இருக்காங்களா?"

"தெரியல."

"சுப்பையன் அண்ணா மாதிரியே இருக்கு." சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். "ஒரு வாரமா தூக்கமே இல்ல, அதான். ஆறு மணிக்கு டேகேர் மூடிடுவான், பனி ஜாஸ்தியானா முன்னாடியே கூப்பிடுவான். வெண்பாவைப் பிக்கப் பண்ணணும். முடிஞ்சுதா?"

இன்னும் பத்து நிமிடம் என்றான். அவள் திரும்பிக்கொண்டாள். அவள் நாற்காலியில் குழந்தையின் மஞ்சள் மஃப்ளர் தொங்கியது.

நாலு ஐம்பத்திரண்டு. கருவாட்டு வாசனை இப்போது மெலிதாக இல்லை.

பத்மநாபன், என்று தட்டினான். கட்டம் ஏற்றுக்கொண்டது. சிவப்பு வரவில்லை. விரல் என்டர் மேல் நின்றது. திங்கட்கிழமை. கையெழுத்து. ஒன்பது வருடம். எழுத்தெழுத்தாக அழித்தான்.

நாலு ஐம்பத்தைந்து.

ஷ்யாமளா, என்று தட்டினான். அவளுக்கும் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான். அவன் அதை யோசிக்கவில்லை. ஃப்னூ முன்னால் பொருந்தி நின்றது, அவளுக்கென்றே வைத்ததைப் போல.

தேதியில் கர்சர் துடித்தது. ஊர் வழக்கப்படி நாளை முன்னால் போட்டால் 8/2. ஆகஸ்ட் இரண்டு. அவளுக்கு ஆறு மாதம் கிடைக்கும். ஆனால் இன்றைய குழிக்கு? அதை யார் நிரப்புவது?

மாதத்தை முன்னால் போட்டான். சரிபார்த்தான். 2/8.

எதற்காகப் பிரபலம் என்ற கட்டம் காலியாக இருந்தது. கட்டாயம் என்றது சிவப்பு எழுத்து. எழுதினான்: துணைக்குப் போனவர்.

சேவ் ஆயிற்று.

பிரிண்டர் ஓடத் தொடங்கியது. யாரும் பிரிண்ட் கொடுக்கவில்லை. ஒரு தாள். இன்னொரு தாள். செருமல்.

"என்னது அது?" ஷ்யாமளா எழுந்து நின்றாள். "நீயும் வாயேன். எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

சபரி திரையைப் பார்த்தபடியே இருந்தான். "லைவ் ஆகப் போகுது, என்னால நகர முடியாது. பேப்பர் சிக்கியிருக்கும். போய்ப் பாரு."

அவள் போனாள். கார்ப்பெட்டில் அவளுடைய ஸ்னோ பூட்ஸ் சத்தம், பதினோரு அடி. அவன் எண்ணினான். கதவுப் பிடி திரும்பியது. உள்ளே விளக்கு எரியவில்லை.

"அண்ணா?" என்றாள்.

கேள்வியாகத்தான் கேட்டாள். பதில் வந்தது. மெதுவாக, வாயில் சோற்றோடு.

"வாங்க. பரவால்லீங்க."

அவள் திரும்பி சபரியைப் பார்த்தாள். அவன் முகத்தில் எதையோ கண்டுகொண்டவளைப் போலப் பார்த்தாள். நடுவில் கதவு மூடிக்கொண்டே வந்தது.

ஐந்து மணி. மேஜையில் அவளுடைய போன் அதிர்ந்தது. டேகேர் நம்பர். மஃப்ளரின் நுனி அதன் கூடவே நடுங்கியது.

கதவு மூடியது. பூட்டே இல்லாத அந்தக் கதவின் உள்பக்கம், ஒரு தாழ்ப்பாள் நிதானமாக நகர்ந்து விழுந்தது.