சிரிப்புப் பெஞ்சு

பள்ளிவாசலில் மதியத்து லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். காஜியார் வீதிக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்கின் முன்னால் நூரீன் ஸ்கூட்டரை நிறுத்தினாள். பின்னால் கேமராப் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்த தம்பி நுஃமான், இறங்கியதும் முதல் வேலையாகப் போனை எடுத்துப் பார்த்தான்.

“இப்பதானடா பேசின?”

“டாக்டர் குறிச்ச தேதிக்கு இன்னும் நாள் இருக்கு லாத்தா. ஆனா காலையிலேருந்து இடுப்பு வலிக்குதுன்னு சொல்லிட்டிருக்கா.”

அவன் மனைவி லமீஸுக்கு அது தலைப்பிரசவம்.

“உம்மா கூடவே இருக்காங்கல்ல? சாயந்திரத்துக்குள்ள முடிச்சுடலாம்,” என்றாள் நூரீன்.

ஊரின் பழைய விஷயங்களைப் படம் பிடித்துப் போடும் யூடியூப் சேனல் ஒன்றை அவள் நடத்திவந்தாள். இந்த முறை ‘கலகல கடைவீதி’. கேபிள் டிவி புதிதாக வந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புதுச்சேரியைச் சிரிக்கவைத்த நிகழ்ச்சி. சின்னச் சின்ன நாடகங்கள், ஒரே ஒரு கேமரா, ஒரே ஒரு மைக். அந்த நிகழ்ச்சியின் உள்கதையை, அது பிறந்த இடமான இந்தக் கிடங்கிலேயே வைத்து எடுக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

கதவருகே ராஜவேல் நின்றிருந்தார். நிகழ்ச்சியின் நாயகன், இயக்குநர், முதலாளி எல்லாம் அவரே. தலைக்கு மை பூசி, சட்டையை மொடமொடவென்று தேய்த்துப் போட்டு, தோளில் துண்டு போட்டிருந்தார்.

“வா டைரக்டரம்மா! இன்னா, சொல்தாவைக் காக்க வெக்கிறியே?”

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி அலட்டும் சொல்தா வேடம்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. நூரீன் சிரித்தாள். அவர் தெருக் கதவை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு முன்னறைக்குள் நடந்தார். அதற்கடுத்து இன்னொரு கதவு, கனத்த மரக் கதவு.

“போனெல்லாம் இந்த மாடத்துல வெச்சுடுங்க. உள்ள எடுத்தாரக் கூடாது. லைட்டு எரிஞ்சா கதவுக்கு இரும்புப் பட்டை. நான் கட் சொல்ற வரைக்கும் எவன் செத்தாலும் தொறக்கக் கூடாது. இதான் நம்ம கம்பெனி சட்டம்.”

நுஃமான் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

“வெய்யிடா. கொஞ்ச நேரம்தான்,” என்றாள் அக்கா.

உள்ளே பகலே இல்லை. சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வெளிச் சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்கக் கோணிப்பையை ஆணியடித்திருந்தார்கள். மட்கிய சணல் வாசனை, பழைய முகப்பவுடர் வாசனை. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நூரீன் அதை இனம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

பினாயில். ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் அடிக்கும் அதே வாசனை.

இரும்புப் பட்டை கொக்கிகளில் விழுந்த சத்தம் அறைக்குள் அமுங்கிப்போனது. நுஃமான் பெரிதும் சின்னதுமாக இரண்டு விளக்குகளைப் போட்டான். ராஜவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு எதிரே, கேமராவுக்குப் பின்னால், இருட்டில் ஒரு நீளமான மரப் பெஞ்சு கிடந்தது. அறையெங்கும் தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. பெஞ்சின் ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவு இடத்தில் தூசி இல்லை.

நூரீன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒலி சரியாக வருகிறதா என்று பார்த்தாள். “அந்தப் பெஞ்சு எதுக்கு சார்?”

“அதாம்மா நம்ம சிரிப்புப் பெஞ்சு!” அவர் தொடையைத் தட்டினார். “பார்க்கிற ஜனத்தை உள்ள உட்கார வெக்க ஏது இடம்? வேலை பார்க்கிற நாலஞ்சு பேரையே அதுல உட்கார வெச்சு சிரிக்கச் சொல்வேன். ஆனா எல்லாரும் பக்கத்து ஆளு மூஞ்சியத்தான் பார்ப்பான். முதல்ல எவன் சிரிக்கிறதுன்னு கூச்சம். அதுக்குன்னே ஒருத்தன வெச்சிருந்தேன். பாவாடைன்னு பேரு. சேதராப்பட்டு கம்பெனில மூட்டை தூக்கிட்டிருந்தவன். ஜோக்கு முடியறதுக்கு ஒரு மூச்சு முன்னாடியே சிரிச்சுடுவான். அவன் சிரிச்சா மத்தவன்லாம் கூட சேர்ந்துக்குவான். பிள்ளையார் சுழி மாதிரி. முதல் சிரிப்பு அவன்து, அப்புறம்தான் மத்தது.”

ஹெட்ஃபோனில் யாரோ சிரித்தார்கள்.

சன்னமாக, வறண்ட தொண்டையிலிருந்து, ஹெ ஹெ ஹெ என்று.

நூரீன் தம்பியைப் பார்த்தாள். “நீயா சிரிச்ச?”

“இல்லியே.”

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் பெரிய விளக்கு வெடித்துச் சிதறியது. கண்ணாடித் துண்டு ஒன்று நுஃமானின் புறங்கையைக் கீறிக்கொண்டு போனது. மிச்சமிருந்த சின்ன விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது.

நூரீன் துப்பட்டா முனையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். “நிறுத்திடலாமா சார்?”

“பல்பு போனதுக்கா? கடைசி சமாச்சாரத்தைக் கேட்டுட்டுப் போம்மா. எவன்கிட்டயும் சொன்னதில்ல.”

எவரிடமும் சொல்லாத சமாச்சாரம். அந்தச் சொல் நூரீனைப் பிடித்து நிறுத்தியது.

ராஜவேல் முன்னால் சாய்ந்தார். நல்ல நகைச்சுவை ஒன்றைச் சொல்லப்போகிறவரின் முகம் அவருக்கு.

“ஒரு நாள் ஷூட்டிங் நடக்குது. கதவைத் தட்றான் ஒருத்தன். பாவாடை பொண்டாட்டி அஞ்சலாட்சியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்காம், ஒடனே வரணுமாம். ‘அண்ணே, போய்ட்டு வந்துடறேன்’னு இவன் எழுந்துக்கிறான். எனக்கோ கடைசி சீன் பாக்கி. பிரசவ வார்டு வாசல்ல புருஷன்காரன் முழிக்கிற சீன். எப்படிப் பொருத்தம் பாரேன்! ‘ஒக்கார்றா, இன்னும் ஒரு சீன்தான்’னேன். ஒக்காந்துட்டான். என்னா சிரிப்புங்கிற! தோள் குலுங்குது, கண்ல தண்ணி கொட்டுது, நிறுத்தவே மாட்டேங்கிறான்.”

“அப்புறம்?”

“கதவைத் தொறந்தோம். தாயும் போச்சு, புள்ளையும் போச்சுன்னாங்க.” அவர் கையை விரித்தார். “விதி. நாம இன்னா பண்றது? ஆனா டேப்பைப் போட்டுப் பார்த்தா, அதுதாம்மா சிரிப்பு! அதை மட்டும் வெட்டி எடுத்து, அதுலேருந்து எல்லா வாரமும் அதையே போட்டோம். ஊரே கூட சேர்ந்து சிரிச்சிது. அடுத்த தபா அவன் வந்து பெஞ்சுல ஒக்காந்தான், சிரிப்பு வரல. ‘நீ வர வேணாம்பா, உன் சிரிப்புதான் எங்ககிட்ட இருக்கே’ன்னு அனுப்பிட்டேன். அந்த வருஷமே போய்ச் சேர்ந்துட்டான்.”

நூரீன் அவர் முகத்திலிருந்து பார்வையை விலக்கினாள். அதே சமயம், ஊரே இதைப் பார்க்கும் என்ற எண்ணமும் அவளுக்குள் எட்டிப் பார்த்தது. நல்லவர்கள் மனதிலும் அப்படி ஒன்று எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

பெஞ்சு கிறீச்சிட்டது.

ஹெ ஹெ ஹெ.

இந்த முறை ஹெட்ஃபோன் தேவைப்படவில்லை. மூவருக்கும் கேட்டது.

ஒரு மூச்சு நேரம்.

கதவை யாரோ தட்டினார்கள்.

“நுஃமான்! நுஃமான்! லமீஸுக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. ஒடனே வா!”

ஆண் குரல். தெரிந்த குரல் இல்லை. நுஃமான் கேமராவை விட்டு எழுந்தான்.

“ஒக்கார்றா தம்பி,” என்றார் ராஜவேல். “இன்னும் ஒரு சீன்தான். பெஞ்சுல நான் ஒக்காந்து ஒரு வார்த்தை சொல்றேன், அதோட முடிச்சுக்கலாம்.”

“லாத்தா, நான் போறேன்.”

நூரீன் வாய் திறந்தாள். அவளே எதிர்பார்க்காத சொற்கள் வந்தன.

“அஞ்சு நிமிஷம்டா.”

அப்போது சிரிப்பு பொங்கியது.

நீளமாக, நிற்காமல், அறையின் கோணிகளெல்லாம் நடுங்க. பினாயில் வாசனை மூக்கை அடைத்தது. ஹெட்ஃபோனில் அது அவள் காதுக்குள்ளேயே சிரித்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் நடுவில் மூச்சு இழுபடுவது கேட்டது. விம்மல். மூக்கை உறிஞ்சுவது. மறுபடி விம்மல்.

அது சிரிப்பே இல்லை.

ஒரு மனிதன் வாய்விட்டு அழுதிருக்கிறான். அதைச் சிரிப்பென்று நம்பி வாராவாரம் ஒரு ஊரே கூடவே சிரித்திருக்கிறது. தன் சிறுவயதில், உம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு, அவளும்தான்.

அடுத்து, ராஜவேல் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. முதலில் சிரிப்பு, அப்புறம்தான் மற்றது. சிரிப்பு வந்துவிட்டது. இனி வரவேண்டியது எது?

லமீஸ்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவுக்கு ஓடினாள். இரும்புப் பட்டை ஐஸ் கட்டி போல இருந்தது. நுஃமானும் சேர்ந்து இழுத்தான். இம்மியும் அசையவில்லை. தோலில் ஒட்டிக்கொண்டு கையை விட மறுத்தது.

பின்னால் மூச்சு. கழுத்துக்கு மிக அருகில்.

“நான் கட் சொல்லல!” ராஜவேல் கத்தினார். “எவனும் போகக் கூடாது!”

நூரீன் திரும்பவில்லை. திரும்பினால் என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யா ரஹ்மான் என்று உதடு முணுமுணுத்தது. துரத்தவும் சபிக்கவும் ஓதவும் எத்தனையோ சொற்கள் உண்டு. அவள் வாயில் வந்ததோ, வேலை முடிந்த ஆளிடம் யாரும் சொல்லும் சாதாரணச் சொல்தான்.

“அண்ணே,” என்றாள் மெல்ல. “வேலை முடிஞ்சிதுண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க. அண்ணி தேடுவாங்க.”

அழுகை நின்றது.

பெஞ்சிலிருந்து யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஈரக் காற்று ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு கடந்தது. இரும்புப் பட்டை தானாக நகர்ந்து கீழே விழுந்தது.

அக்காவும் தம்பியும் முன்னறைக்குள் பாய்ந்தார்கள். அங்கே யாரும் இல்லை. தெருக் கதவு, ராஜவேல் பூட்டியபடி, உள்பக்கமாகவே பூட்டியிருந்தது. சாவி அதிலேயே தொங்கியது. மாடத்தில் நுஃமானின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“எங்கடா போய்ட்ட?” உம்மா ரமீஜாவின் குரல் அழுதது. “ஆபரேஷன் பண்ணணுமாம். நீ வந்து கையெழுத்துப் போடணுமாம். ஓடியா வாப்பா!”

அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தான். நூரீன் ராஜவேலைக் கூப்பிடத் திரும்பினாள். “சார், வெளிய வந்துடுங்க!”

அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தூசியில்லாத அந்த ஓரத்தில். முகத்தில் கோபம். “ஷூட்டிங்கைப் பாதியில விட்டுட்டு ஓடற கழுதைங்க! ஒரு சீன்...”

மரக் கதவு அறைந்து மூடியது. உள்ளே பட்டை விழும் சத்தம் கேட்டது.

எதிர்க் கடை மொய்னுதீன் பாயும் தெரு ஆட்களும் வந்து கடப்பாரையால் கதவைப் பெயர்த்தார்கள். ராஜவேல் அதே இடத்தில் இருந்தார். தோள்கள் குலுங்கின. கண்களிலிருந்து நீர் கொட்டியது. தோளில் கிடந்த துண்டை வாய்க்குள் திணித்திருந்தார். திணித்த துண்டையும் மீறி அந்தச் சத்தம் வந்துகொண்டேயிருந்தது.

லமீஸ் பிழைத்தாள். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நூரீன் எடுத்ததையெல்லாம் அழித்துவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள், மனசு கேட்காமல், பழம் வாங்கிக்கொண்டு மூலக்குளத்தில் இருந்த ராஜவேலின் வீட்டுக்குப் போனாள். அவர் மகள் கார்குழலி கதவைத் திறந்தாள். ராஜவேல் கூடத்துக் கட்டிலில், வாய் இறுக மூடி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“பேசறதில்லீங்க,” என்றாள் கார்குழலி தாழ்ந்த குரலில். “ஆனா திடீர்னு சிரிப்பாரு. அவர் சிரிச்சா, ஒடனே வீட்ல ஏதாவது ஒண்ணு ஆவுது. நேத்து சிரிச்சாரு, அடுப்புல எண்ணெய் கவுந்துடுச்சு. எனக்குப் பயமா இருக்குங்க.”

சமையலறையிலிருந்து வேலைக்கார அம்மா தனக்கொடி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, பையனுக்குக் காய்ச்சல் ஜாஸ்தியாயிடுச்சுன்னு பள்ளிக்கூடத்துலேருந்து போன் வந்துச்சு. நான் போய்ட்டு...”

கார்குழலி முகம் சுளித்தாள். பாத்திரம் குவிந்து கிடந்த தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

ஹெ ஹெ ஹெ.

நூரீன் சட்டென்று கட்டிலைப் பார்த்தாள். ராஜவேலின் வாய் மூடியே இருந்தது. அவர் கண்கள் மட்டும், பயத்தில் அகன்று, அறையின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே ஒரு நாற்காலி, யாரும் இல்லாமல், லேசாகக் குலுங்கியது.

“அவங்களை அனுப்பிடுங்க,” என்றாள் நூரீன். “இப்பவே. தயவுசெஞ்சு. எங்கூடவே ஸ்கூட்டர்ல அனுப்புங்க.”

கார்குழலி திகைத்து அவளைப் பார்த்தாள்.

“இன்னாங்க நீங்க? பாத்திரத்தைத் தேய்ச்சுட்டுப் போகச் சொல்லலாம்னுதான் நெனச்சேன். இன்னும் வாயே தொறக்கலியே நான்.”