கழற்ற முடியாத கைப்பிடி

என்னை எல்லோரும் உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே சட்டென்று நினைவுக்கு வராது. கதவு, ஜன்னல், தாழ்ப்பாள், கைப்பிடி இவைதான் என் பிழைப்பு. நான் பொருத்தியது தானாகக் கழன்று வந்தது என்று இருபத்தைந்து வருஷத்தில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். சந்துக்குள் இருந்த பழைய வீடு. கூடத்தில் ஒரு அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சுற்றிலும் வெட்டிய துணிகள், மெஷின் எண்ணெய் வாடை. என்னைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுப் பின்னறைக்குக் கூட்டிப் போனார்.

பின்னறையில் தைல நெடி மூக்கைத் துளைத்தது. கட்டிலில் அவருடைய அப்பா கிடந்தார். தோல் போர்த்திய எலும்பு. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சுக்குள் ஏதோ கீச்சிட்டது.

அந்த அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல். மேல்பாதி கண்ணாடி, கீழ்பாதி பலகை, வெளிப்பக்கம் இரும்புக் கம்பி. உள்பக்கமாக இழுத்துத் திறக்கும் ஜன்னல். கைப்பிடியைத் திருப்பினால்தான் உள்ளேயிருக்கும் தாழ்ப்பாள் நாக்கு பின்வாங்கும். கைப்பிடி இல்லையென்றால் அது ஜன்னல் இல்லை, சுவர்தான்.

கைப்பிடி கீழே கிடந்தது.

"தம்பி, இது திறந்தே இருக்கணும்" என்றார் தையல்காரம்மா. "மூடிக்கிட்டா இவருக்கு மூச்சு முட்டிடும். டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்."

"எதுக்குக்கா இந்த அவஸ்தை? கூடத்துக்கு மாத்திட வேண்டியதுதானே. அங்கதான் நல்லா காத்து வருதே."

"இல்லை. அவர் இந்த ரூம்லதான் இருக்கணும்."

சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நமக்கென்ன என்று வேலையைப் பார்த்தேன். பழைய ஓட்டைகளில் குச்சியைப் பசை தடவி இறக்கி, புதுக் கைப்பிடியை நாலு நீள ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். பிறகு ஜன்னலைப் பத்துத் தடவை மூடித் திறந்து பார்த்தேன். எந்த வீடானாலும் பத்துத் தடவை பார்க்காமல் நான் பையை மூடுவதில்லை. ஜன்னல் ஓரத்தில், ஆள் நின்றால் வாய் வருகிற உயரத்தில், ஒரு கையகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து மரம் வழவழவென்று தெரிந்தது. கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"யானை கட்டி இழுத்தாலும் வராதுக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. கைப்பிடி கழன்று விட்டதாம்.

எனக்குச் சுருக்கென்றது. சாப்பிட்ட கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் போய்விட்டேன். ஜன்னல் மூடியிருந்தது. கைப்பிடி கட்டிலுக்கடியில் கிடந்தது. நாலு ஸ்க்ரூவும் ஜன்னல் திட்டில், பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. பிய்ந்து வரவில்லை. யாரோ பொறுமையாகத் திருகி எடுத்து அடுக்கியிருக்கிறார்கள்.

"என்கிட்ட விளையாடுறீங்களாக்கா?"

"நான் ஏன் தம்பி கழட்டப் போறேன்? இவர் பொழைச்சுக் கிடக்கணும்னு என்னைவிட யாருக்கும் ஆசை கிடையாது."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முனகிக்கொண்டே திரும்பப் பொருத்தினேன். குனிந்து கருவிகளை எடுத்து வைக்கும்போது கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. ஜில்லென்ற கை.

"நீ போடு" என்றார் பெரியவர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது. "அவ கழட்டுவா."

"யாரு? உங்க பொண்ணா?"

இல்லை என்று தலையசைத்தார். கண் ஜன்னலிலேயே இருந்தது.

"மத்தியானம்தான் வருவா."

புத்தி தடுமாறிய கிழவர் என்று நான் சிரித்துக்கொண்டேன்.

புதன்கிழமை மூன்றாவது தடவை போனேன். அதே வரிசை, அதே நாலு ஸ்க்ரூ. இந்தத் தடவை பெரியவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மெல்லிய கம்பியை விட்டு நாக்கை நெம்பி ஜன்னலைத் திறந்த பிறகுதான் அவருக்கு மூச்சு திரும்பியது. அவருடைய கண்ணோரம் ஈரமாக இருந்தது. தையல்காரம்மாவை வெளியே அழைத்து, "என்னக்கா நடக்குது இந்த வீட்டுல?" என்று கேட்டேன்.

அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். தைத்துக்கொண்டே சொன்னார். மெஷின் சத்தத்துக்கு நடுவே குரலை உயர்த்தவும் இல்லை.

"அந்த ரூம்லதான் எங்கம்மா இருந்தாங்க. இவருக்கு அவங்க மேல சந்தேகம். ஜன்னல் வழியா யார்கூடவோ பேசினாங்களாம். வேலைக்குப் போறப்ப கதவு கைப்பிடி, ஜன்னல் கைப்பிடி ரெண்டையும் கழட்டிடுவார். வீட்டுல வெச்சா எடுத்துடுவாங்கன்னு என் ஸ்கூல் பையில போட்டுடுவார். சாயங்காலம் நான் வந்து மாட்டித் திறந்தாத்தான் அவங்க வெளியே வர முடியும்."

"உங்களுக்கு அப்ப எத்தனை வயசு?"

"ஆறு வயசுல ஆரம்பிச்சது. ஆறு வருஷம் நடந்தது. அவங்களுக்கும் இவரை மாதிரியே இழுப்பு உண்டு. ஜன்னல் சந்துல வாயை வெச்சு காத்தை உறிஞ்சிக்கிட்டு நிப்பாங்க."

தேய்ந்த பெயின்ட் என் கண்முன் வந்து நின்றது.

"ஒரு நாள் ஸ்கூல் விட்டதும் கூடப் படிக்கிற பொண்ணு வீட்டுக்கு விளையாடப் போயிட்டேன். பல்லாங்குழி மாதிரி ஏதோ ஆட்டம். என்ன ஆட்டம்னுகூட மறந்து போச்சு. வீட்டுக்கு வந்தப்ப இருட்டிப் போச்சு. அம்மா ஜன்னலோரமாவே விழுந்து கிடந்தாங்க."

மெஷின் நின்றது. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இவர் படுத்து நாலு மாசம்தான் ஆச்சு தம்பி. அதுக்குள்ள போயிட்டா எப்படி? ஆறு வருஷம் கிடக்க வேண்டாமா? அதனாலதான் சொல்றேன், அந்த ஜன்னல் மூடக் கூடாது. வேணும்னா ஜன்னல் கதவையே கழட்டி எடுத்துடுங்களேன்."

அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் சொன்னபடி நாலு கீலைக் கழற்றி ஜன்னல் கதவை வெளியே சாத்தியிருக்க வேண்டும். அரைமணி நேர வேலை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கைப்பிடி நிக்கலைன்னு ஜன்னலையே கழட்டுறவன் மிஸ்திரியே இல்லைக்கா. உங்கம்மாவால கழட்ட முடியாத மாதிரி நான் போட்டுக் காட்டுறேன்."

பேயோடு போட்டிக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஸ்க்ரூவை ஒதுக்கிவிட்டு, பலகையை ஊடுருவிப் போகிற போல்ட் நாலு எடுத்தேன். டிரில்லால் துளைத்து, கைப்பிடியை வைத்து, மறுபக்கம் நட்டைப் போட்டு முடுக்கினேன். நட்டுக்கு வெளியே நீண்ட முனையைச் சுத்தியலால் அடித்து நசுக்கினேன். இனி அதைக் கழற்ற வேண்டுமானால் அறுக்கத்தான் வேண்டும். பெரியவர் ஒவ்வொரு அடிக்கும் இமையைக் கொட்டினார். வேண்டாம் என்று சொன்னாரோ என்னவோ, சுத்தியல் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு வழக்கம் போலப் பத்துத் தடவை மூடித் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.

ஆறு தடவை வெண்ணெயாகத் திறந்தது.

ஏழாவது தடவை மூடினேன். கைப்பிடியைத் திருப்பினேன். திரும்பவில்லை.

இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். இரும்பு சிக்கிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே இடத்தில் விறைப்பாக நிற்கும். இது அப்படி இல்லை. நான் இழுத்தபோது கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. பிறகு திரும்பவும் மெதுவாகக் கீழே போனது.

என் விரல்களுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வேறு விரல்கள் இருந்தன.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தொட்டால் தெரிந்தது. எலும்பு தட்டுப்படும் நாலு விரல், சுருண்டு இறுகியிருந்தன. வெதுவெதுப்பாக இருந்தன.

கழற்ற முடியாதபடி செய்தேன் அல்லவா? அவள் கழற்றவில்லை. பிடித்துக்கொண்டாள்.

கத்திக்கொண்டு கையை உதறினேன். பின்னால் அறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தையல்காரம்மா ஓடி வந்து வெளியிலிருந்து தள்ளுவது கேட்டது. "தம்பி, கைப்பிடி என் கையோட வந்துடுச்சு" என்றார். உள்பக்கக் கைப்பிடி ஏற்கெனவே தரையில் கிடந்தது.

பெரியவர் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

சுத்தியலை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி சிதறி விழுந்தது. வெளியே வேலியோரச் செடியில் இலைகள் ஆடின. நல்ல காற்றுதான். ஒரு துளிகூட உள்ளே வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

உஸ்ஸென்று, நீளமாக, நிறுத்தாமல் யாரோ மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். தேய்ந்த பெயின்ட் இருந்த இடத்திலிருந்து வந்தது. வருகிற காற்றையெல்லாம் அங்கேயே நின்று குடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத் தாகம்.

எனக்கு மட்டும் மூச்சு விட முடிந்தது. அவருக்கு முடியவில்லை. நான் அவரைத் தூக்கி உட்கார வைத்தேன், முதுகைத் தடவினேன், கதவில் தோளால் மோதினேன். அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த ஓரத்தையே பார்த்தார். மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்து உதட்டருகே காதைக் கொண்டு போனேன்.

"அப்பவே கொன்னிருக்கணும்" என்றார்.

அதுதான் அவர் செலவழித்த கடைசி மூச்சு.

சத்தம் நின்றது. கைப்பிடி தானாகத் திரும்பியது. ஜன்னல் கதவு சாவகாசமாகத் திறந்து சுவரில் போய்ச் சாய்ந்தது. காற்று உள்ளே வந்து தைல நெடியைக் கலைத்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த தையல்காரம்மா அழவில்லை. அப்பாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துப் பேசினார். கோபித்துக்கொள்ளும் குழந்தையின் குரல் அது.

"நாலு மாசம்தானேம்மா ஆச்சு. அதுக்குள்ள ஏன் விட்டுட்டே? இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு."

நான் டிரில்லைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். அன்று முழுக்கக் கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து, வேறொரு வேலைக்கு டிரில் இல்லாமல் முடியாது என்றானபோதுதான் திரும்பப் போனேன். காலை நேரம். வாசல் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் மெஷின் ஊசி பாதித் தையலில் துணிக்குள் இறங்கி நின்றது. பின்னறைக் கதவு மூடியிருந்தது. அதில் கைப்பிடி இல்லை.

"அக்கா?"

"யாரு, உடும்புத் தம்பியா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. நாக்கு வறண்டு ஒட்டிய குரல். "சத்தம் போடாதீங்க. அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்து திறந்து விடுவாங்க."

"எத்தனை நாளாக்கா உள்ளே இருக்கீங்க?"

"பாக்கி யாராவது கழிக்கணுமே தம்பி. பைக்குள்ள வெச்சிருந்தது நான்தானே."

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. போன தடவை செய்யாததை இந்தத் தடவை செய்வோம் என்று வெறி வந்தது. வாசலில் கிடந்த கடப்பாரையால் கீலை ஒவ்வொன்றாக நெம்பி எறிந்தேன். கதவு முழுசாகக் கையோடு வந்தது. தூக்கிக் கூடத்துச் சுவரில் சாத்தினேன். உள்ளே ஓடி ஜன்னல் கதவையும் சட்டத்திலிருந்து பிய்த்து எடுத்தேன். அந்த அறையில் மூடுவதற்கு இப்போது ஒன்றுமே மிச்சமில்லை. வெயில் கட்டில் வரை வந்து விழுந்தது. அவர் ஜன்னலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் பாதியாகியிருந்தார்.

நான் வெளியே வந்து கூடத்தில் நின்றுகொண்டு கையை நீட்டினேன். "வாங்கக்கா. பாருங்க, கதவே இல்லை. ஒரு எட்டு வெச்சா போதும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தள்ளாடி நிலைப்படி வரை வந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான். அவர் நின்றுவிட்டார். உள்ளங்கையை விரித்துக் காற்றில் வைத்தார். அந்த உள்ளங்கை வெளுத்து, கண்ணாடியில் அழுத்தியது போலத் தட்டையானது.

"மூடியிருக்கு தம்பி" என்றார்.

விரலை மடக்கி, வெறும் காற்றில் மூன்று தடவை தட்டினார்.

டொக், டொக், டொக் என்று சத்தம் வந்தது, எனக்குப் பின்னால் சுவரில் சாத்தி வைத்திருந்த கதவிலிருந்து.