பொட்டு அழியாத நட்டு

1999, விஜயதசமி. காலை 7.10.

புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் அந்த உதிரிபாகத் தொழிற்சாலையின் மைதானத்தில், கிழக்கு மேட்டின் மீது ஏறிக்கொண்டிருந்த புல்வெட்டும் வண்டி பாதி ஏற்றத்தில் நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டுதான் இருந்தது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை. அடுத்த நொடி வண்டி பின்பக்கமாக உருளத் தொடங்கியது. ஓட்டிய பாண்டுரங் ஜக்தாப் பிரேக்கை மிதித்தார். சக்கரம் பூட்டிக்கொண்டாலும் பனியில் நனைந்த புல் வழுக்கிவிட்டது. மேட்டின் அடியில் வண்டி சாய்ந்தபோது அவருடைய வலது கால் அதற்குக் கீழே இருந்தது.

7.40. பாதுகாப்பு அதிகாரி பார்கவி வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போயிருந்தது. புல்லில் நீளமாக இரண்டு கோடுகள் கிடந்தன. வண்டியை நிமிர்த்திக் கொட்டகை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கோவையிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது அவளுக்கு. இதுவரை அவள் பார்த்ததெல்லாம் நசுங்கிய விரல்களும் தீப்பொறி பட்ட கண்களும்தான்.

ஜெனரல் மேனேஜர் சுருக்கமாகப் பேசினார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் வேணும். மெக்கானிக்கோட அலட்சியம்னா இன்னிக்கே சஸ்பென்ஷன், போலீஸ்லயும் புகார்."

அந்த மெக்கானிக் மகாதேவன் கொட்டகைத் தூணருகே நின்றிருந்தார். அங்கே இருபத்துமூன்று வருட வேலை. நெற்றியில் விபூதி, கை மட்டும் நிலைகொள்ளாமல் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

8.05.

"வண்டியை எப்பப் பார்த்தீங்க?"

"நேத்து மத்தியானம் மூணு மணிக்கு மேடம். இழுவை பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்துது. இறுக்கினேன்."

"இன்னிக்குக் காலையில பார்க்கலையா?"

"தினமும் பார்ப்பேன். நேத்து ஆயுத பூஜையாச்சே. சாமி முன்னால வச்ச ஸ்பானரை விடியறதுக்குள்ள எடுத்துத் திருகுவாங்களா? காலையில மறுபூஜை முடிஞ்சதும் வண்டியை அப்படியே கொடுத்துட்டேன். நேத்து இறுக்கினதுதானேன்னு மூடியைத் திறக்கலை."

கொட்டகைக்குள் ஒரு மர மேசை மேல் ஸ்பானர்கள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து மெல்லிய வெடிப்பு விட்டிருந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் மிச்சச் சந்தனம் கட்டி தட்டிப்போயிருந்தது. ஒரு ஸ்பானர்கூட இடம் மாறவில்லை.

8.20. பார்கவி வண்டியின் கால்மிதிப் பலகையைத் தூக்கச் சொன்னாள். உள்ளே கையை விட்டு பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கயிற்றூஞ்சல் போல உள்ளே போயிற்று.

"பார்க்கிங் பிரேக் போட்டிருக்கு மேடம்," என்றார் மகாதேவன் அவசரமாக. "அதைப் போட்டா இறுக்கற உருளை விலகிக்கும், பெல்ட் தொளதொளன்னுதான் இருக்கும். விடுவிச்சுட்டு அழுத்துங்க. அரை அங்குலம்தான் போகணும்."

விடுவித்தாள். அழுத்தினாள். ஒன்றரை அங்குலம் போயிற்று.

இந்த அளவுத் தளர்வில் சமதரையில் வண்டி ஓடும், ஏற்றத்தில்தான் பெல்ட் வழுக்கும். ஜக்தாப் அரை மணி நேரம் சமதரையில் வெட்டிவிட்டுத்தான் மேட்டுக்குப் போயிருக்கிறார்.

"யாராவது நட்டைத் தளர்த்தியிருக்கணும்," என்றார் மகாதேவன். "நான் வேலை பார்த்த நட்டுக்கெல்லாம் பொட்டு வைப்பேன். அதுக்கும் வச்சேன். திருகியிருந்தா அழிஞ்சிருக்கும், பாருங்க."

டார்ச் அடித்துப் பார்த்தாள். உருளையை இறுக்கும் அந்த நட்டின் மேல் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று இருந்தன. அழியவே இல்லை.

மகாதேவனும் குனிந்து எட்டிப் பார்த்தார். தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிய பொட்டு, நேற்று மூன்று மணிக்குப் பின் அந்த நட்டை யாரும் தொடவில்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

9.30. கொட்டகைக்கு இரண்டு சாவி. ஒன்று மகாதேவன் இடுப்பில். அவர் நேற்று ஐந்து மணிக்கே கம்பெனி பஸ்ஸில் சாங்வியில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டார். மற்றது வாசல் காவலாளியிடம். அவன் கேட்டை விட்டு நகரவில்லை. சாவி வாங்கிப் போனவர்களைக் குறிக்கும் அவனுடைய நோட்டில் நேற்று மாலைக்கு எதிரே இரண்டே பெயர்கள்: 5.40, ஸ்டோர்ஸ் லக்ஷ்மிநாராயணன். 6.15, மைதானப் பொறுப்பாளர் முகுந்த்.

லக்ஷ்மிநாராயணன் கும்பகோணத்துக்காரர். மகாதேவனுக்கும் அவருக்கும் நாலு மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாது என்று கேன்டீன் முழுக்கத் தெரியும்.

"எதுக்குப் போனீங்க?"

"பூஜைத் தட்டுல மூக்குக் கண்ணாடியை வச்சுட்டு வந்துட்டேன்மா. அது இல்லேன்னா சாம்பார்ல மிதக்கறது கத்திரிக்காயா கரப்பானான்னு தெரியாது எனக்கு."

"நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லையாமே?"

"பேசறதில்ல. அதுக்காக பூஜையை விட முடியுமா? நேத்து சந்தனம் அரைச்சுக் கொடுத்தது யாருன்னு நினைச்சே? நான்தான். அவன் வாங்கிண்டான், நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லலை. கல்லுளிமங்கன்."

"அவர் தப்பு பண்ணியிருப்பார்னு நினைக்கறீங்களா?"

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைத் துடைத்தார். "நட்டை இறுக்க மறக்கற ஆள் இல்லை. ஆனா அவனுக்கும் ஐம்பத்தாறு வயசாச்சு. யாருக்குத் தெரியும்?"

11.15. முகுந்த் தன் ஸ்கூட்டர் மேல் சாய்ந்து நின்றிருந்தான். புனேயில் பிறந்து வளர்ந்தவன், முப்பத்திரண்டு வயது. ஸ்கூட்டர் கழுவித் துடைத்து மின்னியது. ஹாண்டிலில் சாமந்தி மாலை. முன்பக்கத் தகட்டில் மஞ்சள் ஒரு பொட்டு, குங்குமம் ஒரு பொட்டு, பக்கத்தில் பக்கத்தில்.

"அரே மேடம், நான் மாலை போடப் போனேன், அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம். தஸரா இல்லையா? வண்டிக்கும் ஹார் வேணும்ல?"

"காலையில மேட்டுல வெட்டச் சொன்னது யாரு?"

"நான்தான். ஒன்பது மணிக்கு மேட்ச். ஜி.எம். சாஹேப் அந்த மேட்டுலதான் உக்காருவார். எனக்கு எப்படித் தெரியும், மகாதேவன் அங்கிள் பெல்ட்டை டைட் பண்ணலைன்னு? நான் ஜூன்லயே சொன்னேன், இந்த மிஷினை கண்டம் பண்ணித் தூக்கிப் போட்டுடலாம், வெளில காண்ட்ராக்ட் கொடுக்கலாம்னு. அங்கிள்தான் சைன் பண்ண மாட்டேன்னார். இப்ப பாருங்க, பிச்சாரா ஜக்தாப், பாவம்."

"காண்ட்ராக்ட் யாருக்கு?"

"யாருக்கோ." அவன் மாலையைச் சரிசெய்தான். "டெண்டர்ல யார் வராங்களோ."

12.00. பார்கவி அறைக்குத் திரும்பி, அறிக்கையின் முதல் வரியை எழுதினாள்: 'பராமரிப்பில் கவனக்குறைவு.' பேனா அங்கேயே நின்றது. மகாதேவன் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. ஆனால் பொட்டும் பொய் சொல்லாதே. வலது ஆள்காட்டி விரலில், நட்டைத் தடவிப் பார்த்தபோது ஒட்டிய மஞ்சள் அப்படியே இருந்தது. சாப்பிடும் முன் கழுவிக்கொள்ளலாம் என்று எழுந்தாள்.

குழாயடியில் துணி சோப்புதான் கிடந்தது. அதை எடுத்து விரலில் தேய்த்தாள்.

விரல் சிவந்தது.

ஏதோ வெட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தாள். வலிக்கவில்லை. தண்ணீர் விட்டாள், சிவப்பு மங்கி மறுபடி மஞ்சளாயிற்று. சோப்பைத் தேய்த்ததும் திரும்பவும் சிவந்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து ஆரத்தி எடுத்த எந்த வீட்டுப் பெண்ணுக்கும் அது புரிந்திருக்கும். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் அவள் கொட்டகைக்கு ஓடினாள்.

12.20. மேசை மேலிருந்த ஸ்பானர் ஒன்றின் பொட்டைச் சுரண்டி, சோப்பில் குழைத்தாள். நிறம் மாறவில்லை. வாசனை மட்டும் வந்தது.

4.00. ஜெனரல் மேனேஜர் முன்னிலையில் மூன்று பேரும் கொட்டகையில் நின்றார்கள். பார்கவி டார்ச்சை நட்டின் மேல் பிடித்தாள்.

"இந்தப் பொட்டு அழியலைன்னு காலையில எல்லாரும் பார்த்தோம்ங்க. அது எப்படிப்பட்ட பொட்டுன்னு யாரும் பார்க்கலை, நானும்தான். மேசையில இருக்கற பொட்டெல்லாம் சந்தனம், நடுவுல குங்குமம். காய்ஞ்சு வெடிச்சிருக்கு. இங்க மஞ்சள் தனியா, குங்குமம் தனியா, பக்கத்துல பக்கத்துல. இது சந்தனமே இல்லை, மஞ்சள் தூள். சோப்பு பட்டா சிவக்குது."

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "ஆமாம். இது நம்ம வழக்கம் இல்லையே."

"யாரோ நட்டைத் தளர்த்தியிருக்காங்க. மகாதேவன் வச்ச பொட்டு அழிஞ்சுபோச்சு. அதுக்குப் பதிலா ஒண்ணு வச்சுட்டாங்க. உள்ள வந்தது ரெண்டே பேர். லக்ஷ்மிநாராயணன் சாரா இருந்தா, தானே அரைச்ச சந்தனம் கிண்ணத்துல இருக்கு, ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுக் குழைச்சிருப்பார். பொட்டுன்னா கை தானா மஞ்சளையும் குங்குமத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கறது புனேயில வளர்ந்தவங்களுக்குத்தான் வரும். மேசையில ஒரு ஸ்பானரும் நகரலை. அதனால வந்தவர் சொந்த ஸ்பானர் கொண்டுவந்திருக்கணும். முகுந்த், உங்க ஸ்கூட்டர் டிக்கியைத் திறக்கறீங்களா?"

"என்ன மேடம், தஸராக்கு எல்லார் டிக்கிலயும் ஹல்தி குங்கு இருக்கும்."

"இருக்கட்டும்ங்க. நான் கேக்கறது ஸ்பானரை."

ஜெனரல் மேனேஜர் கையை நீட்டினார். சாவி அந்தக் கைக்குப் போயிற்று. வாசலில் நின்ற ஸ்கூட்டரின் டிக்கியில் இரண்டு காகிதப் பொட்டலங்கள், ஒரு பழந்துணி, நாலு ஸ்பானர்கள். அவற்றில் மூன்று சுத்தமாக இருந்தன. நான்காவதன் வாய்க்குள், இரண்டு பக்கமும், வெளிர் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. பார்கவி அதை லக்ஷ்மிநாராயணனின் மூக்கருகே நீட்டினாள்.

"சந்தனம்," என்றார் அவர். "என் கையால அரைச்சது."

முகுந்த் சாமந்தி மாலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வண்டி நிக்கும்னுதான் நினைச்சேன். மேட்ச் அன்னிக்கே நின்னுடும், சாஹேப் கோபத்துல கண்டம் பண்ணிடுவார், காண்ட்ராக்ட் என் மேவ்ணாக்கு, மச்சானுக்கு, வந்துடும்னு. உருளும்னு நினைக்கலை."

"ஏத்தத்துல நின்ன வண்டி வேற என்ன பண்ணும்?" என்றார் மகாதேவன். அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான்.

4.50. பார்கவி முதல் வரியை அடித்துவிட்டு அறிக்கையைப் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டாள். வெளியே வந்தபோது மகாதேவன் படிக்கட்டில் காத்திருந்தார்.

"நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டீங்களா மேடம்?"

அவள் தயங்கினாள். பொய் சொல்ல வரவில்லை. "மத்தியானம் வரைக்கும்."

அவர் தலையாட்டினார். "நானும்தான். அந்தப் பொட்டைப் பார்த்ததுலேர்ந்து நாலு மணி வரைக்கும், இறுக்கினேனா இல்ல இறுக்கினதா நினைச்சேனான்னு எனக்கே தெரியலை. அதுக்குள்ள ஜக்தாப்பைப் பார்க்கப் போகத் தைரியம் வரலை."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டே கேட்டைத் தாண்டினார்.