மேலே ஏறிய எண்ணெய்

"பெயின்ட் அடிச்சு வச்ச வண்டி பாழாயிடுச்சு. அதைக் குடுத்த வண்டிக்காரர் நாளைக்கு வந்துடுவார். அதுக்குள்ள என் தம்பியைப் போலீஸ்ல ஒப்படைக்கணும்னு வீட்டுக்காரர் குதிக்கிறார். கூடப் பிறந்தவனைச் சந்தேகப்படவா, கட்டினவரைச் சந்தேகப்படவா, நீங்களே சொல்லுங்க சார்!" என்றாள் பெயின்டர் அக்கா.

பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுசாக்கும் பட்டறை அவளுடையது. பொய் விபத்துகளைப் பிடித்தே ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ் சர்வேயர் செருப்பை மாட்டினார். அதற்குள் அவருடைய மைத்துனன் ஸ்கூட்டரைக் கிளப்பியே விட்டான்.

பட்டறையில் கறுப்பு வண்டி நின்றது. முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க் கால்களில் பெயின்ட் கோடுகோடாகக் கொப்புளித்திருந்தது. அடப்பாவமே, எவ்வளவு உழைப்பு!

"துரு போக உப்புத்தாளால தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு, பளபளப்புக்கு மேல லேக்கரும் போட்டு ஒரு வாரம் காயவச்சேன் சார். நேத்து காலையில பார்த்துட்டுத்தான் வெளிய போனேன். நல்லாத்தான் இருந்துச்சு."

காயவைக்கும் அறையில் வேறொரு ஜோடி ஃபோர்க் தொங்கியது. சக்கரம் மாட்டும் ஓட்டையில் கொக்கி போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுவது அவள் வழக்கம். அதற்கு மேலே எண்ணெய் டப்பாக்கள் வைக்கும் தட்டு இருந்தது. சர்வேயர் அங்கே கொஞ்சம் அதிகமாகவே நின்றார்.

"மத்தியானம் நான்தான் வண்டியில மாட்டினேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. தூசி படக்கூடாதுன்னு உடனே துணி சுத்திட்டேன்," என்றார் கணவர். "சாயங்காலம் இவன் ஊர்லேருந்து வந்தான், கூட்டாளியா சேர்த்துக்கோன்னு சண்டை போட்டான். கடைசியாப் பூட்டினதும் இவன்தான். காலையில துணியை அவிழ்த்தா இந்த லட்சணம்! இவன் பெட்டிக்குப் பக்கத்துல பிரேக் ஆயில் டப்பா கிடக்குது."

பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் வெந்துபோகும். பட்டறையில் அது தெரியாதவர் கிடையாது.

"நான் துணியைத் தொடவே இல்லக்கா," என்றான் தம்பி.

"முழியே சரியில்லையே அத்தான்," என்று மைத்துனன் கிசுகிசுத்தான்.

"நீயும் ஒருத்தனுக்கு மச்சான்தான். ஞாபகம் இருக்கட்டும்," என்ற சர்வேயர், ஒரு கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "நிக்கிற வண்டியில எண்ணெய் ஊத்தினா எங்க ஓடும்?"

"கீழதான்."

"இது சக்கரத்துக்கிட்ட ஆரம்பிச்சு மேல போயிருக்கு. துளி திரண்டு நிக்கிறதும் மேல் முனையிலதான்."

"எண்ணெய் எப்படி அத்தான் மேல ஏறும்?"

"ஏறாது. ஃபோர்க் அந்த ரூம்ல தலைகீழாத் தொங்கினப்பவே கொட்டியாச்சு. அப்போ தம்பி ஊர்லயே இல்லை. வெந்துபோனதை மாட்டினவர், கண்ணாடி மாதிரி இருந்துச்சுங்கிறார். துணி சுத்தினது தூசிக்காக இல்லம்மா, உன் கண்ணுல படக்கூடாதுன்னு."

கணவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கை தவறி டப்பா சாஞ்சுடுச்சு. உன்கிட்ட சொல்லப் பயம். அப்புறம் இவன் வந்து கூட்டாளி அது இதுன்னானா... டப்பாவை இவன் பெட்டிக்கிட்ட வச்சுட்டேன்."

"கொட்டினதுக்கு ரெண்டு திட்டு வாங்கியிருப்பீங்க, அதோட போயிருக்கும். என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தீங்களே!" அக்கா அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவர் கையில் உப்புத்தாளைத் திணித்தாள். "தேய்ங்க. வண்டிக்காரர்கிட்ட உண்மையை நானே சொல்லிக்கிறேன். பட்டறைச் சாவியை இவன்கிட்ட குடுங்க."

தம்பி சாவியை வாங்கிக்கொண்டான். இன்னொரு உப்புத்தாளை எடுத்து ஃபோர்க்கின் அடுத்த காலுக்கு முன்னால் உட்கார்ந்தான். அக்கா கணவரின் முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை.